முதலில் உங்கள் வீட்டுத் தூணைப் பாருங்கள், பிறகு டிக்கெட் எடுக்கலாம்

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 69 வயது, அம்மாவுக்கு 63, மகன் ஆறாம் வகுப்பு. மே மாதம் பத்து நாள் வெளிநாடு போக நினைக்கிறோம். கடைத்தெரு, தீம் பார்க் ஆசை இல்லை. பழைய கட்டடம், கோயில், மியூசியம் பார்க்க வேண்டும். டிராவல்ஸில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா நான்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். போகலாமா? அப்பச்சியின் ஐயா (தாத்தா) பினாங்கில் கடை வைத்திருந்தவர். அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?”

நான்கு நாடு வேண்டாம் தங்கச்சி. சிங்கப்பூரும் பினாங்கும் போதும். பத்து நாளில் நான்கு நாடு என்றால் பாதிப் பொழுது விமான நிலைய வரிசையிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். மீதிப் பொழுதில் வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார், அப்பச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார்.

எந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்றால், என் பிழைப்பே இதுதான். பதினேழு வருடமாகச் செட்டிநாட்டில், காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு சுற்றிக் காட்டுகிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு வீட்டை முடித்துவிட்டு “அடுத்தது?” என்று கேட்கும் கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டாங்கட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வளவுக்குள் (முற்றத்தில்) வெயில் நகர்வதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இவ்வளவு பெரிய வீட்டை யார் கூட்டினார்கள்?” அதுவரை தேக்கு, பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒப்பித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் அடைத்துவிட்டது. மறுநாள் போய் அந்த வீட்டில் வேலை பார்த்த குடும்பத்தைத் தேடிப் பேசினேன். நான் வெளிநாடு போகும்போதெல்லாம் அந்த அம்மாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டையே ஒருமுறை வெளியூர்க்காரர் போலச் சுற்றி வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. பட்டாலை (முன்கூடம்) தூண் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிப் பளிங்கு இருக்கலாம். சுவரில் பதித்த பூ ஓடு ஜப்பானிலிருந்து வந்ததாக இருக்கலாம், பின்பக்கம் தெரிந்தால் முத்திரையைப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரைப் பையன் கன்னத்தை வைத்துப் பார்க்கட்டும், மே மாதத்திலும் குளிர்ந்திருக்கும். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டால், அங்கேதான் போகப் போகிறோம் என்று சொல்லுங்கள். நம் ஊர் பாதி. நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிக்க (கடல் தாண்டி வட்டிக்கடை நடத்த) போன ஊர் மறுபாதி. இதை விட்டுவிட்டு வெளிநாட்டில் “பழமை” தேடுவது எனக்கு விளங்காத காரியம்.

நியாயமாகப் பார்த்தால் முதலில் பர்மாவுக்குத்தான் போக வேண்டும். தூண் அங்கிருந்துதானே வந்தது. ஆனால் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே உள்நாட்டுச் சண்டை. வயதானவர்களையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகும் இடமில்லை. கதையை மட்டும் பையனுக்குச் சொல்லிவிடுங்கள், முழுசாகச் சொல்லுங்கள். 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகமெங்கும் விலை சரிந்து, விவசாயி கடனை அடைக்க முடியாமல் அடகு வைத்த நிலம் கைமாறியதில், 1938 வாக்கில் அது சுமார் 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலத்தை இழந்த பர்மாக்காரன் நம்மை எப்படி நினைத்திருப்பான் என்பதும் அந்தத் தூணில்தான் இருக்கிறது. பிறகு 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்து திரும்பியது, சுதந்திரத்துக்குப் பின் நிலம் அரசுடைமையானது எல்லாம் உங்கள் அப்பச்சிக்கே தெரிந்திருக்கும்.

சரி, சிங்கப்பூர். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. முன்பு நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் போனார்கள். 1926-ல் கட்டிய ராஜுலா கப்பல் 1970-கள் தொடக்கம் வரை ஓடியது, அப்பச்சியிடம் பெயரைச் சொன்னாலே ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது நான்கைந்து மணி நேரம். அங்கே மூன்று நாள் வையுங்கள், மூன்று இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம். 2015-ல் திறந்தது. அதற்குள் ஒரு செட்டிநாட்டு வாசல் நிற்கிறது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. சுமார் 5,000 சின்னஞ்சிறு சிற்பங்கள் செதுக்கியது. முதல் முறை பார்த்தபோது எனக்குச் சந்தோஷமா சங்கடமா என்று சொல்லத் தெரியவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் தூணும் கதவும் சாத்திவைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு வீட்டை இடித்தால் நிலை ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம் போகும். இந்த வாசலாவது முழுசாக ஒரே இடத்தில், விளக்குப் போட்டு, பெயர் எழுதி நிற்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அதில் பத்து உருவங்களை வரையச் சொல்லுங்கள். பத்து வரைவதற்குள் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு மறக்காது.

இரண்டாவது, டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். உள்ளூர்க்காரர்கள் செட்டியார் கோயில் என்பார்கள். 1859-ல் கட்டியது. ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் 1983-ல் புதிதாக எழுப்பியது. அதைக் கேட்டதும் “அப்படியானால் பழசு இல்லையே” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் ஊர்க் கோயில்களை மட்டும் எத்தனை முறை திருப்பணி செய்திருக்கிறோம்? கல்லுக்கு வயது குறைவு, வழக்கத்துக்கு வயது அதிகம். 2014-ல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோதும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்திருப்பார்கள். உள்ளே கண்ணாடியில் உருவங்கள் பொறித்த 48 பலகைகள் உண்டு, தலையை நிமிர்த்திப் பாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள். ஆனால் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்கள்) வரிசையாக இருந்தது அங்கேதான். தரையில் பாய் விரித்து, முன்னால் ஒரு கைப்பெட்டியை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெட்டிதான் அலுவலகம், இரவில் அந்த இடமேதான் படுக்கை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குத் திரும்பி வர முடியும். வங்கித் தெருவில் பழைய வங்கிக்காரர்களின் தடயம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாவது இடத்தை எந்தப் பேக்கேஜிலும் இந்தக் காரணத்துக்காகச் சேர்க்க மாட்டார்கள்: புனித ஆண்ட்ரூ பேராலயம். வெள்ளைவெளேர் என்று ஆங்கிலேய மாதா கோயில். அதற்கும் நமக்கும் என்ன என்று கேட்பீர்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள். 1850-களின் நடுவில் தொடங்கி 1860-களின் தொடக்கத்தில் முடிந்தது. உள்சுவரில் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். உங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். வீட்டைக் கூட்டியது யார் என்று கேட்ட அம்மாளைச் சொன்னேனே, அந்தக் கேள்விக்கு இந்தச் சுவர் ஒரு பதில். ஆராதனை நடக்கும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-ல் தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். நேரம் இருந்தால் போய் வாருங்கள். சிங்கப்பூரில் மற்றதெல்லாம் பையன் விருப்பம், நான் தலையிடவில்லை.

அடுத்து பினாங்கு. இங்கே நான்கைந்து நாள் தாராளமாக வையுங்கள். ஜார்ஜ் டவுன் நகரத்தை, மலாக்காவோடு சேர்த்து, யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. (நம் செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை வீடு இடிந்தது என்று நாம் இருவருமே எண்ணலாம்.) பழைய நகரத்தின் நடுவிலேயே தங்குங்கள். கடற்கரை ஓட்டலில் தங்கினால் தினமும் காரில் வந்து போக வேண்டியிருக்கும், அப்பச்சி மதியம் வந்து படுக்க முடியாது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கும் இடத்துக்குப் பெயர் தண்ணீர்மலை. நம் ஊரில் தண்ணீர்மலை என்று பெயர் வைத்த பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த மலையின் பெயர் அது என்று தெரியாமலே நான் பல வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அருவி விழும் மலையடிவாரம், அதனால் தண்ணீர்மலை. 1857-ல் அமைந்த கோயில் சமதளத்தில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அதற்கு அருகிலேயே மலைமேல் இன்னொரு முருகன் கோயில் உண்டு, ஐந்நூறுக்கு மேல் படி. டாக்சிக்காரரிடம் வெறுமனே முருகன் கோயில் என்று சொன்னால் நேரே படிக்கட்டடியில் இறக்கிவிடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாதி தூரம் ஏறிய பிறகுதான் இது வேறு கோயில் என்று தெரிந்தது. செட்டியார் கோயில் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்குப் போனால் வேறு உலகம். இங்கே குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி பழனிக்கு நடந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், அங்கே பினாங்கு வீதியில் உள்ள கோவில் வீட்டிலிருந்து (ஊருக்குள் இருக்கும் செட்டியார்களின் பொது வீடு) வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். அந்த ரதம் 1894-ல் காரைக்குடியிலிருந்து போனது. வழி நெடுகச் சீனர்கள் மலை மலையாகத் தேங்காயைக் குவித்து வைத்திருந்து உடைப்பார்கள், தெருவே வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். மகன் பள்ளியை நினைத்து மே மாதம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சரிதான். ஆனால் இன்னொரு முறை போகும் வாய்ப்பு வந்தால் தைப்பூசத்துக்குப் போங்கள்.

பினாங்கில் நம் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, அத்தை வீட்டுக்குப் போய்விட்டு ஊரைப் பார்த்தேன் என்று சொல்வது மாதிரி. எனக்கு அங்கே மிகப் பிடித்தது கூ கோங்சி. கூ என்ற குடிப்பெயருடைய சீனர்கள் தங்கள் முன்னோருக்காகக் கட்டிய குலமண்டபம் அது. முதலில் கட்டியது 1901-ல் தீப்பிடித்து எரிந்துபோக, 1906-ல் மறுபடி கட்டி முடித்தார்கள். அரசனுடைய அரண்மனையைப் போல அத்தனை பகட்டாகக் கட்டியதால் தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எரிந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் அடக்கிக் கட்டினார்களாம். அந்த “அடக்கம்” எப்படி இருக்கிறது என்று நேரில் பாருங்கள், கண் கூசும். உள்ளே முன்னோர் பெயர் பொறித்த பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும். அப்பச்சியிடம் அதைக் காட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி என்று நகரத்தார் பிரிவுகளுக்குரிய நம் ஒன்பது நகரக் கோயில்களை எண்ணச் சொல்லுங்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவன் எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், கையில் காசு வந்ததும் தன் கூட்டத்தின் பெயரைக் கல்லிலும் மரத்திலும் எழுதி வைக்கிறான்.

நீல மாளிகை என்று சொல்லும் சியோங் ஃபாட் ட்சே மாளிகைக்கும் போங்கள். 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல். நம் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு முன் ஜன்னல் கணக்கில் தோற்றுவிடும், மற்றதில் சமம். முற்றத்தில் விழும் மழையைச் செல்வம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வளவு வாரியில் வரும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த அப்பத்தாக்களின் பேரன்களுக்கு இது புதிதல்ல. இரும்புத் தூண் ஸ்காட்லாந்திலிருந்து, ஓடு இங்கிலாந்திலிருந்து. நம் ஆட்கள் இறக்குமதி செய்த அதே காலம், அதே மோகம். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவது குறித்த நேரங்களில்தான், இடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். 1801-ல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் உருவாக்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடக்கும் தூரம்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும், தேவைப்பட்டால் அங்கியை அங்கேயே தருவார்கள்.

ஒரு நாள் வண்டி வைத்துக்கொண்டு கெடா மாநிலத்துக்குப் போய் வாருங்கள். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை எடுத்துப் போன கடாரம் அந்தப் பக்கம்தான். மெர்போக் ஊரில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், அதை ஒட்டி ஓடையோரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இடுப்பளவு கல்மேடைதான். ஆனால் பின்னால் ஜெராய் மலை, கடலில் வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மலை. அதைப் பார்த்துத்தான் கப்பலைத் திருப்பியிருப்பார்கள் என்று நிற்கும்போது புரியும். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் அடித்தளத்தை 2013-ல் வீடு கட்டுகிறவர்கள் இடித்துவிட்டது அங்கே பெரிய செய்தியானது. இடிப்பதில் நாம் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லை.

கம்போடியாவை ஏன் வெட்டினேன் என்று கேட்பீர்கள். ஏப்ரல், மே அங்கே கொடுமையான வெயில், அங்கோர் வாட்டின் மேல்தளப் படிகள் செங்குத்து. தவிர, அங்கே ஓடி ஓடிப் பார்த்து நானே பட்டிருக்கிறேன். நான்கு நாளில் பத்தொன்பது கோயில் என்று பட்டியல் போட்டு முடித்தேன். ஊருக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது: கி.பி. 967-ல் எழுந்த பந்தேய் ஸ்ரேய் கோயிலில், நடனமாடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். நான் அந்தச் சிற்பத்துக்குக் கீழேயே நின்று வேறு எதையோ போட்டோ எடுத்திருக்கிறேன். கப்பலேறிப் போன ஒரு வணிகனின் பெண்டாட்டி, கடல் கடந்து அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். செட்டிநாட்டிலிருந்து போன எனக்கு அவள் கண்ணில் படவில்லை. டிசம்பர், ஜனவரியில், கம்போடியாவுக்கு மட்டும் என்று தனியாகப் போங்கள்.

செலவு கையைக் கடித்தால் இலங்கை. திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத்துக்குள். அங்கே செட்டியார் தெருவில் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள், ஆடி வேல் விழா. தேசிய அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். 1409 தேதியிட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. சீனாவிலிருந்து கிளம்பும்போதே இந்தப் பக்கம் வணிகம் செய்யத் தமிழ் வேண்டும் என்று தெரிந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு பொலன்னறுவை: சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட ஊர். அங்கே வானவன்மாதேவி ஈச்சரம், முழுதும் கல்லால் கட்டிய சிவன் கோயில், தஞ்சாவூருக்கு அருகே புள்ளமங்கைச் சோழர் கோயில் பக்கம் நிற்பது போலவே இருக்கும்.

காகித வேலை சுருக்கமாக. எல்லோர் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதம் மீதி இருக்கட்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுப்பார்கள். மலேசியா இப்போது இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது, ஆனால் இது மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்ப வேண்டும். அப்பச்சியின் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், நடுவில் தூக்கம். கோயில் கல்தரை கொதிக்கும், அம்மாவுக்கு ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு அவசியம், அந்த வயதுக்கு அங்கே ஆஸ்பத்திரிக் கட்டணம் தாங்காது.

கடைசிக் கேள்வி, ஐயாவின் கடை. முடியும், ஆனால் வேலை இங்கே வீட்டில்தான். மேல்மாடிப் பெட்டகத்தைத் திறந்து பழைய கடிதம், பேரேடு, பற்றுச்சீட்டு எது கிடைக்கிறதோ எடுங்கள். ஐயாவின் பெயர் மட்டும் போதாது. அங்கே ஆளை விலாசத்தை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். மூன்று தலைமுறையின் முதலெழுத்துகள் சேர்ந்த அந்த விலாசம் கடித உறையில் இருக்கும். பெரும்பாலும் பினாங்கு வீதி என்றிருக்கும், கதவு எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கோவில் வீட்டில் கேளுங்கள், பழைய மகமைக் கணக்கு (கோயிலுக்குக் கடைக்காரர்கள் கொடுத்த பங்கு) தெரிந்த பெரியவர் யாராவது இருப்பார். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் செட்டியார்கள் பேசியதும் இருக்கிறது, இணையத்தில் தேடி அப்பச்சிக்குப் போட்டுக் காட்டுங்கள். கேட்கக் கேட்க அவருக்கே மறந்துபோன பெயர்கள் ஞாபகம் வரும்.

எண் கிடைத்து, தெருவும் கிடைத்தால், அந்த இடம் இப்போது காப்பிக் கடையாகவோ பணமாற்றுக் கடையாகவோ இருக்கலாம். கடைவாசலில் தூண்களுக்கு நடுவே நடைபாதை போகும், அஞ்சடி என்பார்கள். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். உறையை எடுத்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படிப் போனபோது, சீனக் கடைக்காரர் உறையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அஞ்சடியில் போட்டாராம். அசல் உறையைக் கொண்டுபோக வேண்டாம், வியர்வையில் நைந்துவிடும். கலரில் நகல் எடுத்து இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.